முள், மணல், தார்: ராமநாதபுரம் கடற்கரையில் ஓட்ட எந்த சைக்கிள் டயர்?

அக்கா மகன் போன மாதம், தாருக்கும் மண் தடத்துக்கும் பொதுவாகச் செய்த, கியர் வைத்த ஹைபிரிட் சைக்கிள் ஒன்று வாங்கினான். மண்டபத்தில் வீடு, உச்சிப்புளியில் வேலை. தினமும் சைக்கிளிலேயே போய்வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமையானால் தனுஷ்கோடி, அரியமான், சேதுக்கரை என்று சுற்ற வேண்டும் என்று ஆசையோடு இருந்தான். மூன்று வாரத்தில் ஐந்து பஞ்சர். ஐந்தாவது பஞ்சரோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டான்: "மாமா, டயரை மாத்திரலாம்னு இருக்கேன். ரோட்டுலயும் போகணும், மணல்லயும் போகணும். எதை வாங்குறது?"

அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியைக் கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் வேறு பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். செல்போனில் தேடினால் டயரைப் பற்றி ஆயிரம் வீடியோ வருகிறது. எல்லாம் ஈரக் காடு, மர வேர், மலைச் சரளை. அங்கே ஓட்டுகிறவனுக்குப் பெரிய கேள்வி பிடிமானம். நம் கரையில் ஓட்டுகிறவனுக்குப் பெரிய கேள்வி முள். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

முதலில் நம் சக்கரம் உண்மையில் எதன் மேல் ஓடுகிறது என்று பார்ப்போம். உச்சிப்புளியிலிருந்து கிழக்கே போனால் 87ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. நல்ல தார். லாரிக்கு வழிவிட ஓரம் ஒதுங்கினால் தாரின் விளிம்பு உடைந்து, அதற்குக் கீழே மண்ணும் ஜல்லியும். சுந்தரமுடையான் பக்கம் வடக்கே திரும்பி அரியமானுக்குப் போனால் சாலை மேலேயே மணல் படிந்திருக்கும். தெற்கே இரட்டையூரணி, பெரியபட்டினம் பக்கம் இறங்கினால் பனங்காட்டுக்குள் வண்டித்தடம். பாம்பன் பாலத்தில் இணைப்பு இடங்களில் குறுக்கே ஓடும் இரும்புப் பட்டைகள். தனுஷ்கோடியில், 2017க்கு முன் முகுந்தராயர் சத்திரத்தோடு தார் முடிந்துவிடும். அதற்கு அப்பால் மணலிலும் தண்ணீரிலும் வேன்தான் போகும். இப்போது அரிச்சல்முனை வரை தார் போட்டாயிற்று. இந்த ஒரு சாலை நம் டயர்க் கணக்கையே மாற்றிவிட்டது. முன்பெல்லாம் தனுஷ்கோடி என்றால் மணல், இன்றைக்குத் தனுஷ்கோடி என்றால் மணல் பறந்து விழும் தார்.

என் கணக்கில் பத்து கிலோமீட்டர் ஓட்டினால் எட்டு தார், ஒன்றரை மண் தடம், அரைதான் மணல். ஆனால் டயர் வாங்கப் போகும்போது மனசு அந்த அரை கிலோமீட்டர் மணலை நினைத்துத்தான் வாங்கச் சொல்லும். பட்டன் பட்டனாகத் துருத்திக்கொண்டிருக்கும் டயரைப் பார்த்தால் கைக்கு இதமாக இருக்கும், வாங்கிவிடுவோம். அப்புறம் மிச்ச எட்டு கிலோமீட்டரும் அதை மிதித்தாக வேண்டும்.

இனி முள்.

பையனின் சைக்கிளைப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்கார அண்ணன் டியூபை வெளியே எடுத்துக் காற்றடித்துத் தண்ணீரில் முக்கினார். பழைய ஒட்டுக்குப் பக்கத்திலேயே, ஒரு நெல் தள்ளி, குமிழி வந்தது. "தம்பி, இதுக்கு முன்னாடி எங்க ஒட்டுனீங்க?" என்று கேட்டார். வெவ்வேறு இடம், வேதாளையில் ஒன்று, மண்டபத்தில் இரண்டு என்றான். அவர் பதில் பேசாமல் டயரின் உட்புறத்தில் ஒரு பழைய பனியன் துணியை வைத்து மெதுவாக ஒரு சுற்றுத் தடவினார். ஓரிடத்தில் துணி பிடித்து இழுத்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. டயரை அந்த இடத்தில் மடக்கி விரித்தபோது கரும்புள்ளி மாதிரி ஒன்று தெரிந்தது. நகவெட்டியால் கவ்வி இழுத்தார். கருவ முள்ளின் நுனி, ஒரு சீரக அளவு. முள்ளின் மற்ற பகுதி எங்கோ சாலையில் ஒடிந்து போய்விட்டது, நுனி மட்டும் ரப்பருக்குள் குடியிருந்து, எடை ஏற ஏற டியூபைக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஐந்து பஞ்சரில் மூன்று இந்த ஒரே முள்ளின் வேலை.

சீமைக்கருவேலத்தின் முள் ஒரு அங்குலத்துக்கு மேலும் வளரும். காய்ந்துவிட்டால் ஆணிதான். நம் மாவட்டத்தில் கரிமூட்டத்துக்கு வெட்டிய விறகை டிராக்டரில் ஏற்றிப் போகும் சாலைகளில் சின்னச் சின்னக் கொப்புகள் சிந்திக் கிடக்கும். வேலியடைக்க வெட்டிப் போட்டது காற்றில் நகர்ந்து சாலைக்கு வரும். இது ஒரு வகை. கடற்கரையோரம் குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரத்தின் வெள்ளை முள் இரண்டாவது வகை. மூன்றாவது தரையோடு தரையாகப் படரும் நெருஞ்சி. மஞ்சள் பூ பூத்துப் பார்க்க அழகாக இருக்கும். அதன் காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். சாலை ஓர மண்ணில் பத்து அடி உருட்டினால் ஒரே டயரில் ஏழெட்டுக் காய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் நெருஞ்சி முள் குட்டை. டயரின் அடிப்பகுதி சற்றுத் தடிப்பாக இருந்தாலே உள்ளே போகாது. கருவமுள் அப்படியில்லை. அதை முழுசாகத் தடுக்கும் டயர் என்று ஒன்று இல்லவே இல்லை; எத்தனை முறைக்கு எத்தனை முறை தடுக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

பட்டன் டயர் முள்ளைத் தடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டன் இருக்கும் இடத்தில் தடுக்கும். இரண்டு பட்டனுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் ரப்பர் மெல்லிசு, முள் அங்கேதான் இறங்கும். நடுப்பகுதி வழவழப்பாக, ரப்பர் சீராகத் தடித்து, அதற்குக் கீழே ஒரு காப்பு அடுக்கும் இருக்கிற டயர்தான் நமக்கு நல்லது.

சரி, அளவு விஷயத்துக்கு வருவோம். இதில் நான் சுட்டுக்கொண்டவன். பல வருடத்துக்கு முன் என் பழைய மலைச் சைக்கிளுக்கு 26 அங்குல டயர் வேண்டும் என்று ஒரு கடையில் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் வந்து மாட்டினால் ரிம்மைவிடப் பெரிதாக, தொளதொளவென்று தொங்கியது. 26 என்ற ஒரே பெயரில் வெவ்வேறு விட்டம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 26 × 1⅜ என்று எழுதிய டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மி.மீ. 26 × 1.95 என்று தசமத்தில் எழுதியது 559 மி.மீ. பிரித்த டயரைக் கடையில் திரும்ப வாங்கவில்லை.

அதனால் பெயரை நம்பாமல், டயரின் பக்கச் சுவரில் சின்ன எழுத்தில் இருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். 37-622 என்று இருந்தால் அகலம் 37 மி.மீ, ரிம் விட்டம் 622 மி.மீ. இந்த 622தான் ஹைபிரிட் சைக்கிளில் 700சி என்றும் மலைச் சைக்கிளில் 29 என்றும் பெயர் வாங்குகிறது. நம் ஊரில் மீன் கூடை கட்டிப் போகிற பெரிய சைக்கிளின் 28 × 1½ டயர் 635. அளவு கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று ஹைபிரிட் ரிம்மில் மாட்டினால் நிற்காது. 27.5 என்பது 584. இரண்டாவது எண் ஒரு மி.மீ கூட மாறக் கூடாது. முதல் எண்ணில் கொஞ்சம் விளையாடலாம்.

எவ்வளவு விளையாடலாம் என்பது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கிலும், பின்னால் சங்கிலிக்குப் பக்கத்தில் வரும் இரண்டு குழாய்களுக்கு நடுவிலும் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. ஐந்து மி.மீ ஆலன் சாவியை (அறுகோணக் கம்பிச் சாவி) டயருக்கும் குழாய்க்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் தாராளமாகப் போனால் சரி. அதற்குக் குறைவாக இருந்தால், மழைக்காலத்தில் கண்மாய்க் கரைக் களிமண் ஒட்டும்போது சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். மட்கார்டு இருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பையனின் சைக்கிளில் 35 மி.மீ டயர் இருந்தது, 42 வரை இடம் இருந்தது.

இனி ஒவ்வொரு வகையாகப் பார்க்கலாம்.

மெல்லிய டயர், அதாவது 28 முதல் 32 மி.மீ வரை, வழவழப்பானது. ராமேஸ்வரம் சாலையில் காலை ஆறு மணிக்குக் குழுவாக வேகம் எடுக்கிறவர்களுக்கு இது சந்தோஷம் தரும். ஓரம் ஒதுங்கிய நிமிஷம் சந்தோஷம் முடிந்துவிடும். நம் கேள்விக்கு இது பதில் இல்லை.

அடுத்தது, தடித்த காப்பு அடுக்கு வைத்த பயண டயர். தூரப் பயணம் போகிறவர்களுக்காகச் செய்வது. ஜெர்மனியின் ஷ்வால்பே கம்பெனியின் மாரத்தான் வரிசை இதில் பெயர் பெற்றது. மாரத்தானில் 3 மி.மீ காப்பு அடுக்கு, மாரத்தான் பிளஸ்ஸில் 5 மி.மீ. அந்த 5 மி.மீ அடுக்கு வந்துவிட்டால் நெருஞ்சியை மறந்துவிடலாம். உடைமுள் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். கருவமுள்ளில்கூட ஒடிந்து கிடக்கும் துண்டுகள் உள்ளே வராது. நேராக நிற்கும் நீள முள் மேல் ஏறினால்தான் ஆபத்து. குறை என்ன? எடை. 40 மி.மீ அகலத்தில் ஒரு டயர் ஒரு கிலோவை ஒட்டி வரும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது காலில் தெரியும். பக்கச் சுவர் விறைப்பு, அதனால் குண்டும் குழியுமான இடத்தில் கொஞ்சம் உலுக்கும். மாட்டுவதும் கழற்றுவதும் கைக்கு நல்ல வேலை. ஈரக் களிமண்ணில் இந்த வகை வழுக்கும். ஆனால் நம் கரையில் களிமண் என்பது ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்கு மட்டும் உரியது, அதுவும் கண்மாய்க் கரையிலும் உப்பளக் கரையிலும்.

மூன்றாவது, இப்போது கிராவல் டயர் என்று விற்கும் இரண்டும் கெட்டான் அல்ல, இரண்டுக்கும் ஆன வகை. நடுவில் வழவழப்பு அல்லது மிக நெருக்கமான சின்னக் கோடுகள், இரண்டு ஓரத்திலும் பட்டன். நேராக ஓடும்போது தாரில் நடுப்பகுதி மட்டும் படும், சாய்ந்தாலோ மண்ணில் புதைந்தாலோ ஓரப் பட்டன் வேலை செய்யும். ஜப்பானின் பானரேசர் கம்பெனி கிராவல்கிங் என்ற பெயரில் இதையே பல விதமாகச் செய்கிறது, அவற்றில் மூன்று: முழு வழவழப்பு, ஓரத்தில் மட்டும் பட்டன் வைத்த எஸ்.எஸ், முழுக்கச் சின்னப் பட்டன் வைத்த எஸ்.கே. ஷ்வால்பேயின் லேண்ட் குரூசரும் நடுவில் தொடர்ச்சியான மேடு, ஓரத்தில் பட்டன் என்று இதே யோசனையில் வந்த, விலை குறைந்த டயர். 38 முதல் 45 மி.மீ வரை கிடைக்கும். ஓட்டுவதற்கு இதைப் போல இதமான டயர் கிடையாது; இலேசு, நெகிழ்வு, சத்தம் இல்லை. முள்ளுக்கு மட்டும் இரண்டாவது வகையின் பக்கத்தில் நிற்காது. காப்பு அடுக்கு இருந்தாலும் மெல்லிசு. அதிலும் பக்கச் சுவர் பழுப்பு நிறத்தில் மெலிதாக வரும் அழகான மாடல்களை இங்கே வாங்காதீர்கள். சாலை ஓரத்துக் கருவங்கொப்பு குத்துவது பல நேரம் பக்கவாட்டில்தான். நம் வெயிலில் அந்தச் சுவர் சீக்கிரம் வெடிக்கவும் செய்கிறது. கறுப்புச் சுவரே வாங்குங்கள், ஒளி திரும்பும் வெள்ளைக் கோடு இருந்தால் இன்னும் நல்லது. இருட்டில் ஆம்னி பஸ்காரர் கண்ணில் முதலில் படுவது அந்தச் சுழலும் வட்டம்.

நான்காவது முழுப் பட்டன் டயர், இரண்டு அங்குலத்துக்கு மேல். சேற்றுக்கும் மலைக்கும் செய்தது. தாரில் உய்யென்று சத்தம் போடும், மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். சித்திரை வெயிலில் கொதிக்கும் தாரில் நடு வரிசைப் பட்டன்கள் சீக்கிரம் மழுங்கும், அதன்பின் பட்டனும் இல்லை, வழவழப்பும் இல்லை. மணலுக்காவது உதவுமா என்றால், அங்கேதான் பலருக்கு ஏமாற்றம். காய்ந்த மணலில் பட்டன் பிடிக்க ஒன்றும் இல்லை. மண்வெட்டி மாதிரி தோண்டிக்கொண்டு இறங்கும். மணலில் நம்மை மேலே வைத்திருப்பது அகலமும் குறைந்த காற்றும்தான்.

இதை ஒரு கணக்காகப் பார்த்தால் எளிதில் புரியும். பின் சக்கரத்தின் மேல் 50 கிலோ இறங்குகிறது, காற்றின் அழுத்தம் 45 பி.எஸ்.ஐ (பம்பின் மீட்டரில் காட்டும் அளவு) என்று வைத்துக்கொள்ளுங்கள். டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஒரு தீப்பெட்டி அளவு. மொத்த எடையும் அந்தத் தீப்பெட்டியில். காற்றைப் பாதியாக்கினால் இரண்டு தீப்பெட்டி. நான்கு அங்குல அகலத்தில் வரும் ஃபேட் டயரில் 8, 10 பி.எஸ்.ஐ மட்டும் வைத்து ஓட்டுவார்கள், அப்போது ஒரு உள்ளங்கைக்கு மேல் விரிந்துவிடும். அதனால்தான் அது மணலில் மிதக்கிறது. அரியமானில் கரையோரம் விளையாட ஃபேட் சைக்கிள் நல்லதுதான். கச்சான் காற்று எதிரே அடிக்கும் ஆடி மாதத்தில் அதைப் பாம்பன் பாலத்தின் மேல் மிதித்துப் பாருங்கள், இரண்டே கால் கிலோமீட்டர் பாலம் இருபது கிலோமீட்டர் ஆகிவிடும். அந்த டயர் சாதாரண ஹைபிரிட் போர்க்கில் நுழையவும் நுழையாது.

மணலைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. தனுஷ்கோடியில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் சாதாரணப் பெரிய சைக்கிளில் வருவார்கள். கவனித்துப் பாருங்கள், காய்ந்த மணலில் ஒருவரும் மிதிப்பதில்லை, இறங்கித் தள்ளுவார்கள். அலை வந்து திரும்பிய ஈரப் பட்டைக்கு வந்ததும் ஏறி உட்கார்ந்து ஓட்டுவார்கள். ஈர மணலில் மணிகளுக்கு நடுவே இருக்கும் தண்ணீர் அவற்றைக் கட்டிப் பிடித்திருக்கும், 35 மி.மீ டயர்கூட அதில் கோடு போட்டுக்கொண்டு போகும். ஆக, காய்ந்த மணலுக்குத் தள்ளுவது, ஈர மணலுக்கு எந்த டயரும் போதும். மணலுக்கென்று தனி டயர் வாங்குவதில் அர்த்தம் இல்லை.

நாம் பயப்பட வேண்டிய மணல் கடற்கரையில் இல்லை, தார் மேல் இருக்கிறது. சில வருடத்துக்கு முன் ஓர் ஆனி மாதம் அரிச்சல்முனைச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். தெற்கிலிருந்து காற்று சாலையைக் குறுக்காக அறுத்துக்கொண்டு வீசியது. வெயிலில் தாரும் மணலும் ஒரே வெளுப்பாகத் தெரிந்தன. சாலையின் தென்பக்கத்திலிருந்து மணல் நாக்கு நீட்டினாற்போல் பாதிச் சாலை வரை வந்து கிடந்ததை நான் பார்த்தபோது முன் சக்கரம் ஏற்கெனவே அதில் இருந்தது. ஹேண்டில்பார் கையை விட்டு இடது பக்கம் ஓடியது. பின் சக்கரம் ஒன்றும் செய்யவில்லை, நேராகத்தான் வந்தது. வழுக்குவது முன் சக்கரம். முழங்கை சிராய்த்துக்கொண்டு எழுந்தபோதுதான் எனக்கு இந்த யோசனை வந்தது: முன் டயருக்கும் பின் டயருக்கும் ஒரே வேலை இல்லையே, எதற்கு ஒரே டயர்?

பின் டயரைப் பாருங்கள். எடையில் பெரும்பங்கு அதன் மேல். பஞ்சரும் பெரும்பாலும் அதில்தான். முன் சக்கரம் படுத்துக் கிடக்கும் முள்ளைத் தட்டி நிமிர்த்திவிட்டுப் போகிறது, பின்னால் வருவது அதன் மேல் ஏறுகிறது. தேய்மானமும் பின்னால்தான் அதிகம். பஞ்சர் ஆனால் சங்கிலி, கியரோடு சேர்த்துக் கழற்ற வேண்டியதும் இதுதான். முன் டயரின் வேலை வேறு: திசை பிடிப்பது, மணல் திட்டிலும் உடைந்த விளிம்பிலும் நழுவாமல் இருப்பது, கைக்கு அதிர்ச்சி வராமல் காப்பது.

அதனால் என் முடிவு இது. பின்னால் 5 மி.மீ காப்பு வைத்த பயண டயர், 38 அல்லது 40 மி.மீ. முன்னால் நடு வழவழப்பும் ஓரப் பட்டனும் உள்ள கிராவல் டயர், போர்க்கில் இடம் இருக்கும் அளவுக்கு அகலமாக, 40 அல்லது 42. பார்ப்பதற்கு ஜோடி சேராது. இரண்டு வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறேன். பின்னால் இரண்டே பஞ்சர், இரண்டும் கருவமுள் முழுசாக இறங்கியது. முன்னால் நான்கு, ஆனால் முன் சக்கரத்தைக் கழற்றி ஒட்டி மாட்டப் பத்து நிமிஷம் போதும்.

டியூப் இல்லாத முறை வேண்டாமா என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. டியூப்லெஸ்ஸில் டயருக்குள் ரப்பர்ப் பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றிவைக்கிறோம், முள் குத்தினால் அது ஓட்டைக்கு ஓடிவந்து உறைந்து அடைத்துவிடும். நெருஞ்சிக்கும் சின்ன முள்ளுக்கும் இதைவிடச் சிறந்த மருந்து இல்லை, ஓட்டை விழுந்தது தெரியாமலே வீடு வந்து சேர்வோம். காற்றைக் குறைத்து ஓட்டினாலும் டியூப் நசுங்கும் பயம் இல்லை. ஆனால் அதற்குரிய ரிம் வேண்டும், ரிம்முக்குள் பட்டி ஒட்ட வேண்டும், முதல்முறை டயர் உட்கார ஒரே மூச்சில் வேகமான காற்று வேண்டும். அந்தத் திரவம் நம் வெக்கையில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், திரும்ப ஊற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், சாயல்குடிப் பக்கம் ஓரிடத்தில் டயர் பெரிதாகக் கிழிந்து நின்றால், அங்குள்ள பஞ்சர் கடை அண்ணனுக்குத் தெரிந்த வேலை டியூபை ஒட்டுவது. ரிம்மிலேயே டியூப்லெஸ் என்று எழுதியிருக்கிற, வீட்டில் பம்பும் பொறுமையும் இருக்கிற ஆள் தாராளமாகப் போகலாம். மற்றவர்கள் டியூபோடு இருங்கள்.

கையில் காசு இல்லை, இருக்கிற டயரையே வைத்துச் சமாளிக்க வேண்டும் என்றால் நம் பஞ்சர் கடைகளில் ஒரு பழைய வழி உண்டு. தேய்ந்த டியூபை நீளவாக்கில் வெட்டி, டயருக்கும் புது டியூபுக்கும் நடுவே படுக்கை மாதிரி போடுவது. வேலை செய்யும். இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தை மட்டும் சாய்வாகச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த முனையே டியூபை அரித்துப் பஞ்சர் ஆக்கும். காற்றே இல்லாத கட்டி ரப்பர் டயர் பக்கம் போகாதீர்கள். உடைந்த சாலையில் இடுப்பு தாங்காது.

டயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காற்று சரியில்லாவிட்டால் வீண். விரலால் அழுத்திப் பார்த்து அடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, கல்லு மாதிரி இருந்தால்தான் திருப்தி. 40 மி.மீ டயரைக் கல்லு மாதிரி ஆக்கினால் அது மெல்லிய டயர் மாதிரியே குதிக்கும், மணலில் இறங்கும். 70 முதல் 75 கிலோ எடை உள்ளவர் பின்னால் 45 முதல் 50 பி.எஸ்.ஐ, முன்னால் 38 முதல் 42 வைத்துத் தொடங்கலாம். மண் தடத்தில் அதிக நேரம் ஓடுவதாக இருந்தால் இரண்டிலும் எட்டு, பத்துக் குறைக்கலாம். டியூப் போட்ட டயரில் 30க்குக் கீழே போகாதீர்கள். கல் விளிம்பில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பஞ்சரில் இரட்டை ஓட்டை பார்த்தால் முள்ளைத் தேடாதீர்கள், காற்று குறைவு என்று அர்த்தம். இன்னொன்று, காலை நிழலில் அடித்த காற்று மதிய வெயிலில் மூன்று நான்கு பி.எஸ்.ஐ ஏறும், அதற்கு இடம் விட்டு அடியுங்கள்.

டியூப் வாங்கும்போது மோட்டார் சைக்கிள் டியூபில் இருப்பதுபோன்ற தடித்த வால்வ் உள்ளதாக வாங்கினால் எந்தப் பெட்ரோல் பங்கிலும் காற்று பிடிக்கலாம். மெல்லிய, நுனியில் திருகு வைத்த வால்வ் என்றால் அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும். பங்கில் ஒரே அழுத்தில் காற்று பாயும், பக்கத்திலேயே நின்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கச் சொல்லுங்கள்.

உப்பு. டயரைவிட ரிம்மையும் ஸ்போக்ஸையும்தான் அது தின்னும். அலையோரம் ஓட்டிவிட்டு வந்தால் அன்று இரவே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், ஸ்போக்ஸ் ரிம்மில் நுழையும் இடத்தில் குறிப்பாக. கழுவும்போதே டயரைச் சுற்றிக்கொண்டு ஒரு பார்வை. கண்ணாடிச் சில்லு, நெருஞ்சி, கரும்புள்ளி எது தெரிந்தாலும் அப்போதே ஊசியால் கிளறி எடுத்துவிட்டால், மறுநாள் வழியில் நிற்க வேண்டாம். வெட்டுப்பட்ட டயரின் ஓரத்தில் உள் கம்பி தெரிந்தால் அதை மாற்றிவிடுங்கள். உப்புக்காற்று பட்ட கம்பி துருப்பிடித்து ஒருநாள் விட்டுவிடும்.

எல்லோருக்கும் என் முடிவு பொருந்தாது. ராமேஸ்வரம் தீவுக்குள்ளேயே, தாரை விட்டு இறங்காமல் ஓட்டுகிறவர் இரண்டு பக்கமும் 35 மி.மீ மாரத்தான் போன்ற ஒன்றைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். வாலிநோக்கம் உப்பளக் கரைகள், முதுகுளத்தூர்ப் பக்கக் கண்மாய்க் கரைகள் என்று மழைக்காலத்தில் சுற்றுகிறவருக்கு, பட்டன்கள் இடைவெளி விட்டு நிற்கும் டயர் வேண்டும். நெருக்கமான பட்டனில் களிமண் அப்பிக்கொண்டு உதிராது. பெரிய சைக்கிள் வைத்திருக்கிறவர் 28 × 1½இல் வெளிநாட்டு டயரைத் தேடி அலைய வேண்டாம். நம் நாட்டுக் கம்பெனி டயர்களிலேயே அடிப்பகுதி தடித்தது பார்த்து, உள்ளே டியூப் படுக்கை போட்டால் போதும்.

பையன் கணக்குப் பார்த்தான். இறக்குமதி டயர் இரண்டை ஒரே மாதத்தில் வாங்கச் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. பின் டயரை மட்டும் இப்போது வாங்கு, முன்னுக்கு இருக்கிறதே ஓடட்டும், பொங்கலுக்கு அதை மாற்றலாம் என்றேன். 40-622, மாரத்தான் பிளஸ், வரவழைத்துக் கொடுத்தேன். மாட்டும்போது கடைசி ஒரு சாண் ரிம்மில் ஏற மறுத்தது. கடைக்கார அண்ணன் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, டயர் லீவரைத் தொடாமல் இரண்டு கட்டை விரலாலும் தள்ளி ஏற்றினார். லீவர் போட்டால் புது டியூபைக் கடித்துவிடும் என்றார். பிறகு டயரை இரண்டு பக்கமும் திருகிப் பார்த்து, டியூப் எங்கும் ரிம்மில் மாட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டு 48 வரை காற்றடித்தார். பழைய டயரைப் பையன் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. கடைக்கார அண்ணன் அதை வெட்டி, வேறு யாருக்கோ உள்படுக்கையாகப் போடப்போகிறார்.